கிராவல் டயருக்கு எந்த ரிம்? கேள்விகளும் பதில்களும்

சைக்கிள் சக்கரம் கட்டுவதுதான் என் தொழில். மண், சரளைச் சாலையில் ஓட்டும் கிராவல் டயருக்கும் ரிம் அகலத்துக்கும் உள்ள பொருத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்கும் முன் டயர் ஓரத்தில் 40-622 என்பது போல இருக்கும் எண்ணைப் படித்துவிடுங்கள். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது டயர் கம்பி, அதாவது டயரின் உள்விளிம்பில் இருக்கும் கம்பி, ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. ரிம்முக்கு நான் சொல்லும் எண் அதன் உள் அகலம், அதுவும் மில்லிமீட்டர்தான்.

கோவை: அண்ணா, என் ரிம்மின் உள் அகலம் 19. அதில் 40 டயர் போடலாமா?

போடலாம் தம்பி. ஆனால் 40 என்று எழுதியிருப்பதாலேயே அது உங்கள் ரிம்மில் 40 ஆக நிற்காது. போன மாதம் ஒரே டயரை இரண்டு ரிம்மில் மாட்டி, ராத்திரி முழுக்கக் காற்றோடு விட்டு, காலையில் வெர்னியரில் அளந்தேன். 19 ரிம்மில் 38.6, 25 ரிம்மில் 41. ரிம் ஒரு மில்லிமீட்டர் அகன்றால் டயர் சுமார் 0.4 விரியும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான கணக்கு. அப்படியே வந்தது.

அகலத்தைவிட வடிவம் முக்கியம். குறுகிய ரிம்மில் டயர் குண்டு பல்பு மாதிரி மேலே பருத்து அடியில் ஒடுங்கும். செம்மண் வளைவில் சாயும்போது டயர் ஒரு பக்கம் இழுக்க, ரிம் ஒரு பக்கம் போகும். காற்றழுத்தம் 25 பி.எஸ்.ஐ. வைத்துக் கட்டைவிரலால் டயரைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். 19இல் சட்டென்று சரியும், 23இல் விறைப்பாக நிற்கும். அதனால் உங்கள் ரிம்மில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாக வையுங்கள். புது ரிம் வாங்கினால், 38 முதல் 45 வரையான டயருக்கு 23 முதல் 25 எடுங்கள்.

புதுச்சேரி: அப்படியானால் 38 டயருக்கு 30 ரிம் இன்னும் நல்லதுதானே?

வேண்டாம். டயர் பெட்டி மாதிரி சதுரமாகிவிடும். நேராக ஓடும்போதே ஓரத்துப் பட்டன்கள் தரையில் உரசும். பக்கச்சுவர் வெளியே பிதுங்கிக் கல்லுக்கு நேராக நிற்கும். அமெரிக்காவின் கான்சாஸில் அன்பவுண்ட் என்ற கிராவல் சைக்கிள் பந்தயம் நடக்கும் பிளின்ட் ஹில்ஸ் சாலைகளில், கூரான சிக்கிமுக்கிக் கல் டயரைக் கிழிப்பது ஓட்டுபவர்களின் பெரிய கவலை. 30 ரிம் என்றால் 50க்கு மேற்பட்ட டயர்தான்.

திருச்சி: 21 ரிம், 38 டயர்?

தாராளமாக.

சேலம்: 21 ரிம், 40 டயர்?

இதுவும் சரிதான்.

மதுரை: கொக்கி இல்லாத ரிம்மில் 80 பி.எஸ்.ஐ. வைத்து ஒரு வருஷமாக ஓட்டுகிறேன் சார். ஒன்றும் ஆகவில்லை.

இன்றைக்கே காற்றைக் குறையுங்கள். கொக்கி இல்லாத ரிம்முக்கு உச்ச வரம்பு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. டயரில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் வரம்பு. கொக்கி என்பது ரிம் விளிம்பில் உள்பக்கம் வளைந்த மடிப்பு; அது இல்லாததால் அந்த ரிம்மில் டயர் கம்பியை மேலே பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. கம்பி நீளாமல் இருப்பது ஒன்றுதான் உங்களைக் காப்பாற்றுகிறது. வெயிலில் நிறுத்திய சைக்கிளில் காற்றழுத்தம் இன்னும் ஏறும்.

மதுரை (மீண்டும்): பந்தயத்தில் எல்லாரும் இதில்தானே ஓட்டுகிறார்கள்?

எல்லாரும் இல்லை. 2024 பிப்ரவரியில் யு.ஏ.இ. டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கென்ட்டின் டயர் ஓடும்போதே கொக்கி இல்லாத ரிம்மிலிருந்து கழன்றது. 25 ரிம்மில் 28 டயர். 25 ரிம்முக்குக் குறைந்தது 29 டயர் என்பதுதான் இப்போதைய விதி. ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் அது விதிக்கு வெளியே.

சென்னை: அப்படியானால் கொக்கி இல்லாத ரிம்மே மோசடிதானே? கம்பெனிக்குச் செலவு மிச்சம்.

செய்வது சுலபம் என்பது உண்மை. அதற்காக மோசடி என்று சொல்ல மாட்டேன். மலைச் சைக்கிள்களில் இது பல வருஷமாக ஓடுகிறது, ஏனென்றால் அங்கே 20, 25 பி.எஸ்.ஐ.தான். 40 கிராவல் டயரில் 30, 35 வைக்கிறீர்கள் என்றால் நானே இந்த ரிம்மைக் கட்டித் தருவேன். அதே சக்கரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். ஓட்டத்துக்கு 28 டயர் மாட்டி, பழக்கதோஷத்தில் பம்ப்பை 85க்கு அடிப்பவரை நினைத்தால்தான் பயம். இரண்டு டயரும் ஒரே சக்கரத்தில் வேண்டும் என்பவர்கள் கொக்கி உள்ள ரிம் வாங்குங்கள்.

மதுரை (மீண்டும்): ட்யூப் போட்டால் 80 வைக்கலாமா?

கூடாது. ட்யூப் இருந்தாலும் வரம்பு அதேதான். டயரும் கொக்கி இல்லாத ரிம்முக்கு ஏற்றது என்று எழுதியதாக இருக்க வேண்டும். உங்கள் கழுத்தெலும்பு விஷயம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஈரோடு: 21 ரிம், 40 டயர்?

சேலத்துக்குச் சொன்னதுதான். இனி இந்தக் கேள்விக்கு என் பதில் இது: டயர் ஓரத்தைப் படியுங்கள், போர்க்கிலும் பிரேமிலும் இரண்டு பக்கமும் நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

தஞ்சாவூர்: தாத்தாவின் சைக்கிள். டயரில் 28 × 1½ என்று இருக்கிறது. 28உம் கிராவல் டயரில் எழுதியிருக்கும் 700 அளவும் ஒன்றுதான், கிராவல் டயர் மாட்டலாம் என்கிறார் கடைக்காரர்.

மாட்டவே முடியாது. 28 என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட விட்டம் உண்டு. 28 × 1⅝ × 1⅜ என்பது 622, அதுதான் 700. உங்கள் 28 × 1½ என்பது 635. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். டயர் கம்பி அவ்வளவு நீளாது, நெம்பினால் கம்பிதான் அறும்.

622 ரிம்முக்கு மாற்றவும் நான் சொல்ல மாட்டேன். இந்த வண்டிகளில் வழக்கமாக முன்னால் 32 ஸ்போக், பின்னால் 40. நாற்பது ஓட்டை உள்ள 622 ரிம் தேடி அலைவீர்கள். கிடைத்தாலும் ரிம் 6.5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போகும், ராட் பிரேக் கட்டை உட்காராது.

அந்தப் பழைய டயரை அளந்து பார்த்தீர்களா? அதுவே 40-635. தாத்தா கப்பி ரோட்டில் ஓட்டியது 40 மில்லிமீட்டர் டயரில்தான். அதே எண்ணில் புது டயர் ஒரு ஜோடி வாங்கி, ரிம் டேப்பையும் மாற்றி, பின்னால் 45 பி.எஸ்.ஐ., முன்னால் 40 வைத்து ஓட்டுங்கள்.