பாட்டு கேட்டு முடித்ததும் காதில் 'கொய்ங்' என்கிறது, காலையில் போய்விடுகிறது. இதற்கெல்லாம் பயப்பட வேண்டுமா?

தினமும் இயர்போனில் முழு வால்யூமில் கேட்கிறேன், சில ராத்திரி கொய்ங் என்று வருகிறது, காலையில் போய்விடுகிறது, வீட்டில்தான் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் 'காலையில் போய்விடுகிறது' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். நானும் இதே கணக்கைப் போட்டவன். ராத்திரி வருகிறது, காலையில் போகிறது, அப்புறம் என்ன?

உங்களுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். "காது போயிடும்டா" என்று அம்மா சொல்வது பொய் என்று நாலு பேர் வந்து சொல்ல வேண்டும், அதற்காகவே கேட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், அந்த நாலு பேரில் நான் சேர மாட்டேன். நான் டாக்டரும் இல்லை. கெட்டுப்போன காதுக்குச் சொந்தக்காரன்.

எனக்கு இருபத்தொரு வயதில் ஆரம்பித்தது. போகிற வழியில் ஒரே இரைச்சல், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போன் பேச்சு. ஒரு சத்தத்தை மறைக்க இன்னொரு சத்தம். வெளியே இரைச்சல் ஏற ஏற வால்யூமும் ஏறும், வீட்டுக்கு வந்த பிறகும் அதே அளவில் நிற்கும். இப்படி பதினைந்து வருடம். நடுவில் ஒரு இசை நிகழ்ச்சி. ஸ்பீக்கருக்கு இரண்டு முழம் தள்ளி, இடது காதைக் காட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். வெளியே வந்தால் காதில் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. இரண்டு நாளில் சரியானது. 'பார்த்தியா, தானா சரியாயிடும்' என்று நண்பனிடம் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு நாலு வயது. ஒரு ராத்திரி நல்ல காய்ச்சல், மனைவி வேலைக்குப் போயிருந்தாள். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன், கூவவே இல்லை. எடுத்துப் பார்த்தால் 101.4 என்று எப்போதோ நின்றிருக்கிறது. பஸ்ஸர் செத்துவிட்டது என்று முடிவு செய்து, காலையில் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். அதுவும் கூவவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கடைக்கே திரும்பிப் போய் வாக்குவாதம் செய்தேன். கடைப் பையன் பட்டனை அழுத்தி, "இதோ கேக்குதே சார்" என்றான். "எங்கே கேக்குது?" மறுபடியும் அழுத்தினான். பின்னால் நின்ற பெரியவர், "நல்லாத்தான் தம்பி கேக்குது" என்றார். அப்புறம் அந்தப் பையன், பாவம், என் வலது காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அழுத்தினான். எங்கோ தூரத்தில் பூச்சி கத்துவது போல லேசாகக் கேட்டது. இடது காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

காது பரிசோதனையில் ஆடியோகிராம் எடுத்தார்கள், அதாவது தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை எது எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் படம். தாழ்ந்த ஒலிகளெல்லாம் நார்மல். 4000 ஹெர்ட்ஸ் என்கிற உயர்ந்த ஒலியில் மட்டும் ஒரு பள்ளம், அங்கே கேட்பது குறைவு என்று அர்த்தம், 8000-இல் கோடு மறுபடி மேலே ஏறுகிறது. பரிசோதனை செய்தவர் அதைப் பார்த்துவிட்டு, "எந்த ஃபேக்டரியில வேலை?" என்று கேட்டார். இயந்திரம் என்றும் பாட்டு என்றும் காதுக்குப் பேதம் கிடையாது, சத்தம் தின்ற காது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தைத்தான் காட்டும் என்றார். வயதானதால் என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். வயதில் போகிற கேட்கும் திறன் வழக்கமாக 8000 பக்கம்தான் அதிகமாகச் சரியும், அங்கே போய் மேலே ஏறாது. எனக்கு அப்போது முப்பத்தாறுதான்.

உள்காதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் இருக்கின்றன. அதிர்வில் வளைந்து, அதை நரம்புக்குத் தருபவை அவைதான். அதிகச் சத்தத்தில் அவை துவண்டுபோகும், ஓய்வு கொடுத்தால் நிமிரும், திரும்பத் திரும்ப அடித்தால் சாகும். பறவைகளுக்குத் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது. சரி, நிமிர்ந்துவிட்டால் தப்பித்தோம் அல்லவா என்று கேட்பீர்கள். 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளைச் சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது, ஆனால் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமானவை திரும்பவே இல்லை. எலிதானே என்றால், ஆமாம், எலிதான். ஆனால் என் 'தானா சரியாயிடும்' வாய்ச்சவடால் அதைப் படித்த அன்றோடு அடங்கிவிட்டது.

எனக்கு யாரும் பேசுவது கேட்காமல் இல்லை. அதுதான் தொல்லையே. உயிரெழுத்தெல்லாம் தாழ்ந்த ஒலி, கொழுகொழுவென்று வந்துவிடும். ச, ஸ, ஷ போன்றவை உயர்ந்த ஒலி, அவைதான் நழுவும். மகள் 'காசு' என்றால் எனக்குக் 'காது' என்று விழும். கூட்டம் கூடிய இடத்தில் பாதிச் சொல்லை நானே இட்டு நிரப்பிக்கொண்டு தலையாட்டுவேன். "கவனிக்கவே மாட்டேங்கிறீங்க" என்று மனைவி பல வருடம் திட்டியதற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது. (எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் இல்லை என்று அவள் சொல்கிறாள்.)

இதைவிடக் கொடுமை ஆன்லைன் மீட்டிங். உதட்டைப் பார்த்தால் எனக்குப் பாதி புரிந்துவிடும். ஆனால் கேமராவை ஆன் செய்யச் சொன்னால் ஏதோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரிப் பார்க்கிறார்கள். பத்துப் பேர், பத்துக் கறுப்புக் கட்டம், நாற்பது நிமிடம். முடிவில் என்ன தீர்மானித்தார்கள் என்றால், இன்னொரு மீட்டிங் வைக்கலாம் என்று. இரண்டு வரி மெயிலில் முடிகிற விஷயம். சரி, அது உங்கள் கேள்வி இல்லை, விடுங்கள்.

"இருபது வருஷமா ஃபுல் வால்யூமில் கேக்கிறேன், ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் வருவார். இருக்கலாம். ஆளுக்கு ஆள் காதின் தாங்கும் சக்தி வேறு. அவருடைய காது உங்களுக்கு இருக்கிறதா என்பது கெட்ட பிறகுதான் தெரியும். நான் இசைக்கு எதிரியும் இல்லை, இன்னும் தினமும் கேட்கிறேன்.

எவ்வளவு நேரம் கேட்டால் ஆபத்தில்லை என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு): 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் சுமார் 20 நிமிடம். நாளைக்கு இல்லை, வாரத்துக்கு. 3 டெசிபல் கூடினால் காதில் விழுகிற சக்தி இரட்டிப்பு, ஆனால் நமக்கு 'கொஞ்சம் கூட்டியிருக்கு' என்று மட்டும்தான் தெரியும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். பல இயர்போன்கள் முழு வால்யூமில் 100-ஐத் தொடக்கூடியவை. நீங்கள் வாரத்துக்கு எத்தனை நிமிடம் கேட்கிறீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சலான இடத்தில்தான் கேட்பேன் என்றால் வெளிச்சத்தத்தைக் குறைக்கிற ஹெட்போன் வாங்குங்கள், வால்யூமை ஏற்றத் தோன்றாது. ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பதானால் பஞ்சு வேண்டாம், காதடைப்பான் போடுங்கள். ஒருமுறை ஆடியோகிராமும் எடுத்துவிடுங்கள். என்றைக்காவது ஒரு காது திடீரென்று மந்தமானால் காலைவரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள், அதற்கு மருந்து கொடுக்கிற அவகாசம் குறைவு.

என் இடது காதில் அந்தக் கொய்ங் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் போவதில்லை. பழகிவிட்டது, பெரிதாகப் புலம்ப ஒன்றுமில்லை. அந்த முதல் தெர்மாமீட்டரைக் குப்பையில் போட்டதுதான் இன்னும் உறுத்துகிறது. நல்ல தெர்மாமீட்டர்.