காட்சி ஓடும்போதே பேசும் குரல்: ஆடியோ காமென்டரியை எப்படிக் கேட்பது?

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே திரைக்கதை எழுதப் பழகி வருகிறேன். அமெரிக்க, பிரிட்டிஷ் தொடர்களின் டிவிடிகளில், எழுதியவரும் இயக்கியவரும் நடித்தவர்களும் எபிசோடு ஓட ஓட அதைப் பற்றிப் பேசும் தனி ஒலித்தடம் இருக்கும், அதைக் கேட்டாலே பாதிப் பாடம் என்று ஓர் உதவி இயக்குநர் சொன்னார். ஓடிடியில் தேடினேன், கிடைக்கவில்லை. பழைய டிவிடி பெட்டி ஒன்று வாங்கி, நான்கு நடிகர்கள் சேர்ந்து பேசிய எபிசோடைக் கேட்டேன். சிரிப்புச் சத்தம்தான் அதிகம். என் ஆங்கிலத்துக்குப் பாதி புரியவும் இல்லை. எதில் தொடங்குவது, எப்படிக் கேட்பது? – திருச்சியிலிருந்து ஒரு வாசகி.

பதில்: நீங்கள் கேட்டது நல்ல தொடராகவே இருக்கலாம், பேசிய ஆட்கள்தான் உங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை. காமென்டரியைத் தொடரின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. யார் பேசுகிறார்கள், அதை எப்போது பதிவு செய்தார்கள் என்ற இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதப் பழகுகிற உங்களுக்கு, எழுதியவரோ படத்தொகுப்பாளரோ தனியாக உட்கார்ந்து பேசியது முதலில் வேண்டும். நடிகர்கள் கூட்டமாகப் பேசியதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

இது எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் அமெரிக்காவின் கிரைடீரியன் நிறுவனம் ‘கிங் காங்’ படத்தை, டிவிடிக்கு முன்பு இருந்த லேசர் டிஸ்க் என்ற தட்டில் வெளியிட்டது. அந்தத் தட்டில் இரண்டு ஒலித்தடங்களுக்கு இடம் இருந்தது. 1933-இல் வந்த அந்தப் படத்தின் ஒலிக்கு ஒரு தடமே போதும். மிச்சமிருந்த தடத்தில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட ஆய்வாளர், படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசினார். டிவிடி வந்தபோது ஒரே படத்துக்கு எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்க வழி பிறந்தது. தொலைக்காட்சித் தொடர்களை முழு சீசனாகப் பெட்டி போட்டு விற்கத் தொடங்கியதும், வாங்குபவருக்குக் கூடுதலாக ஏதாவது தர வேண்டும் என்று இந்த வழக்கம் பரவியது.

நமக்கு உரை மரபு புதிதில்லை. ஆனால் குறளுக்குப் பரிமேலழகர்தான் உரை சொன்னார், வள்ளுவர் வந்து சொல்லவில்லை. இங்கே மூலத்தை எழுதியவரே உரையும் சொல்கிறார். அதனால் கிடைக்கும் லாபம் பெரியது. எழுதியவர் எப்போதும் நல்ல உரையாசிரியராக இருப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது ரொனால்ட் டி. மூர், தான் புதிதாக உருவாக்கிய ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடருக்குப் பேசிய காமென்டரிகளைத்தான். ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர்களில் எழுதிப் பழகி வந்தவர் அவர். 2005-இல் இந்தத் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே, வீட்டில் உட்கார்ந்து எபிசோடைப் பார்த்தபடி பேசி, பாட்காஸ்டாக இலவசமாக வெளியிட்டார். பெரும்பாலும் தனியாள். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, அன்றைக்கு என்ன விஸ்கி என்று சொல்லிவிட்டுத் தொடங்குவார். சில நாள் அவர் மனைவியின் குரலும் சேர்ந்துகொள்ளும். ஒலித்தரம் சுமார்தான், ஆனால் பாடத்துக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

காரணம் அவர் பேசிய நேரம். கிரிக்கெட் வர்ணனையாளருக்கு அடுத்த பந்து என்ன ஆகும் என்று தெரியாது. தொடர் முடிந்து ஐந்து வருஷம் கழித்துப் பேசும் படைப்பாளிக்கு எல்லாம் தெரியும். எது பாராட்டப்பட்டது, எது திட்டு வாங்கியது என்று தெரிந்தபின், எல்லாமே முதலிலேயே திட்டமிட்டதாக அவர் நினைவு மாறிவிடுகிறது. அதில் பொய் சொல்லும் எண்ணம் எதுவும் இல்லை, நினைவின் இயல்பு அப்படி. மூர் பேசிய நாளில் தொடர் இன்னும் முடிந்திருக்கவில்லை. அதனால் தயக்கமும் சந்தேகமும் அப்படியே பதிவாகியிருக்கின்றன.

இரண்டாவது சீசனில் ‘பிளாக் மார்க்கெட்’ என்று ஓர் எபிசோடு, 2006 ஜனவரியில் வந்தது. அதற்கான காமென்டரியில், இது தனக்குத் திருப்தி தராத எபிசோடு என்று மூர் வெளிப்படையாகப் பேசுகிறார். யார்மீதும் பழி போடாமல், பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்கிறார். சொந்தத் தொடரைப் பற்றி, அதுவும் ஒளிபரப்பாகும் சமயத்திலேயே, ஒருவர் இப்படிப் பேசுவது அபூர்வம். எழுதக் கற்பவருக்கு வெற்றிக் கதைகளைவிட இந்த ஒரு மணி நேரம் அதிகம் உதவும். முதலில் எபிசோடை மட்டும் பாருங்கள். எங்கே தொய்கிறது என்று நீங்களாக ஒரு தாளில் எழுதிவையுங்கள். அப்புறம் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் குறிப்பும் அவர் சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பதில்தான் உங்கள் பாடம் இருக்கிறது.

அதே தொடரின் ‘33’ எபிசோடையும் பாருங்கள். ஒவ்வொரு 33 நிமிடத்துக்கும் எதிரி வந்து தாக்குகிறான். ஐந்து நாளுக்கு மேல் யாருக்கும் தூக்கம் இல்லை. ஏன் 33? தொடரில் விளக்கமே கிடையாது. அந்த எண்ணுக்குள் எந்த மறைபொருளும் இல்லை, விளக்கம் சொல்லப் போனால் காட்சியின் இறுக்கம் கலைந்துவிடும் என்பதுதான் மூரின் வாதம். எதை எழுதாமல் விடுவது என்ற முடிவை எபிசோடை மட்டும் பார்த்து நாம் கண்டுபிடிக்க முடியாது, எழுதியவர் வாயால் கேட்டால்தான் உண்டு. மூரின் குழு, எழுத்தாளர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை விவாதித்த கூட்டங்களின் பதிவுகளையும் சில சமயம் வெளியிட்டிருக்கிறது. காமென்டரி பழகியபின் அவற்றுக்குப் போங்கள்.

அடுத்து ‘தி வயர்’ முதல் எபிசோடு. 2002-இல் ஹெச்பிஓ என்ற அமெரிக்கச் சேனலில் வந்தது. உருவாக்கிய டேவிட் சைமன், பால்டிமோரில் காவல்துறைச் செய்திகள் எழுதிய பத்திரிகையாளர். அவர் தனியாகப் பேசிய காமென்டரி டிவிடியில் இருக்கிறது. எபிசோடின் முடிவில், கொலையான ஒருவரின் உடலைக் காட்டும்போது, நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொன்ன காட்சி ஒரு கணம் மின்னிப் போகும். பார்வையாளருக்கு அந்த முகம் நினைவிருக்காது என்று சேனல் வற்புறுத்தியதால் சேர்த்தது அது. பார்ப்பவரை நம்பி எழுதும் தொடர் என்று பெயர் வாங்கிய ‘தி வயர்’, அதன்பின் அந்த உத்தியைத் தொடவில்லை. சேனலோ தயாரிப்பாளரோ ‘இது புரியாது’ என்று சொல்லும்போது எதை விட்டுக்கொடுப்பது, எதைப் பிடித்துக்கொள்வது என்ற கேள்வி நாளைக்கு உங்களுக்கும் வரும். அந்த ஒரு ஷாட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, அது இல்லாமல் காட்சி எப்படி இருக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

‘மேட் மென்’ பெட்டிகளில் காமென்டரி தாராளமாக இருக்கும், சில எபிசோடுகளுக்கு இரண்டு தடங்கள்கூட உண்டு. ஒன்றில் உருவாக்கிய மேத்யூ வைனர் பேசுவார், இன்னொன்றில் நடிகர்களோ ஆடை, அரங்க வடிவமைப்பாளர்களோ பேசுவார்கள். ஒரே காட்சியை இரண்டு பேர் இரண்டு விதமாக விளக்குவதைக் கேட்டால், எழுத்தில் ஒரு வரியாக இருந்தது எத்தனை பேர் கையில் பட்டு உருமாறுகிறது என்று தெரியும்.

நடிகர்கள் கூட்டமாகப் பேசுவதை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அது வேறு காரணத்துக்காகக் கேட்க வேண்டியது. பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ 1963-இல் தொடங்கியது. அந்தப் பழைய கதைகள் டிவிடியாக வந்தபோது, முப்பது நாற்பது வருஷம் கழித்து நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் அழைத்து உட்காரவைத்துப் பேசவைத்தார்கள். பல பதிவுகளில் டோபி ஹாடோக் போன்ற ஒருவர் நடுவில் இருந்து கேள்வி கேட்டு நினைவைக் கிளறுவார். பேச்சு அரட்டையாகச் சிதறாமல் இருக்க இந்த நடுவர் ஏற்பாடு எவ்வளவு உதவுகிறது என்பதைக் கேட்டால் புரியும். அதில் பேசிய நடிகர்கள் எலிசபெத் ஸ்லேடன், நிக்கோலஸ் கோர்ட்னி, தயாரிப்பாளர் பேரி லெட்ஸ், கதை ஆசிரியர் டெரன்ஸ் டிக்ஸ் யாரும் இன்று உயிருடன் இல்லை. குறைந்த செலவில், இறுக்கமான ஸ்டுடியோ நேரத்துக்குள் ஒரு காட்சியை எப்படி முடித்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்க இந்தத் தடங்கள் மிஞ்சியிருக்கின்றன. நம் ஊரில் தொலைக்காட்சி நாடகம் எழுதிய, நடித்த பெரியவர்களை யாராவது இப்படி உட்காரவைத்துப் பேசவைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஓடிடியில் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டீர்கள். பல மொழி ஒலித்தடங்களை வைக்கிற தளத்துக்கு இன்னொரு தடம் வைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் பெட்டி விற்க வேண்டிய தேவை போனதும் பெரும்பாலும் காமென்டரியும் போய்விட்டது. அந்த இடத்துக்குப் பாட்காஸ்ட் வந்திருக்கிறது. ‘பிரேக்கிங் பேட்’டுக்குப் படத்தொகுப்பாளர் கெல்லி டிக்சன் நடத்திய பாட்காஸ்டில் உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும் குழுவினரும் எபிசோடு எபிசோடாகப் பேசுகிறார்கள். 2019-இல் வந்த ‘செர்னோபில்’ தொடருக்கு எழுத்தாளர் கிரெய்க் மேசின், எங்கே வரலாற்றிலிருந்து விலகினோம், ஏன் பல விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒரே பெண் பாத்திரமாக்கினோம் என்று விவரமாகச் சொல்கிறார். ஐந்து எபிசோடுகள்தான், செலவில்லாமல் கேட்கலாம். காட்சியோடு சேர்ந்து ஓடாத பேச்சு என்பதால் பஸ்ஸில் போகும்போதுகூடக் கேட்க முடியும். ஆனால் ‘இதோ, இந்த இடத்தில் வெட்டினோம்’ என்று விரல் நீட்டிக் காட்டும் வசதி அதில் இல்லை.

பழைய பெட்டி வாங்கும்போது மண்டலக் குறியீட்டைப் பாருங்கள், ஒரு மண்டலத்துக்கான தட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. டிவிடியில் இந்தியா 5, அமெரிக்கா 1, பிரிட்டன் 2. புளூ-ரேயில் இந்தியா சி, அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. எல்லா மண்டலத் தட்டுகளையும் ஓட்டும் பிளேயர் இருந்தால் கவலை இல்லை. கணினி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு அது கடைசியாக வைத்ததில் நின்றுவிடும். பெட்டியின் பின்புறம் எந்தெந்த எபிசோடுக்குக் காமென்டரி என்று போட்டிருக்கிறதா பாருங்கள், முதல் எபிசோடுக்கும் கடைசி எபிசோடுக்கும் மட்டும் தரும் பெட்டிகள் நிறைய. ரிமோட்டின் ஆடியோ பொத்தானை அழுத்தி வராவிட்டால், தட்டின் மெனுவுக்குள் போய்த் தேர்ந்தெடுங்கள்.

மூரின் பாட்காஸ்ட் போலத் தனிக் கோப்பாக இருப்பதை போனில் ஒரு காதில் போட்டுக்கொண்டு, டிவி ஒலியைக் குறைத்து வைப்பதே எளிய வழி. திரை இருண்டு அடுத்த பகுதி தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டையும் நிறுத்திச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டன் டிவிடி என்றால் ஒரு சிக்கல் வரும். நொடிக்கு 24 பிரேமில் எடுத்த தொடர், அங்கே 25 பிரேமில் ஓடும். 42 நிமிட எபிசோடு ஒன்றே முக்கால் நிமிடம் முன்னதாக முடிந்துவிடும். ஒலிக்கோப்பை 1.04 மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் ஏறக்குறைய சரியாகிவிடும்.

ஆங்கிலத்துக்கு வருவோம். காமென்டரி ஓடும்போது வசனத்தின் ஆங்கில சப்டைட்டிலை அணைக்காதீர்கள். வசனத்தைக் கண் படிக்கும், பேச்சைக் காது கேட்கும், காட்சியைத் தொலைக்க மாட்டீர்கள். கணினியில் விஎல்சி பிளேயரில் ஓட்டினால், வேகத்தை 0.85-க்குக் குறையுங்கள். படமும் பேச்சும் சேர்ந்தே மெதுவாகும், குரல் இழுபட்டதுபோல் கேட்காது. மூரின் பேச்சுக்கு ரசிகர்கள் எழுத்து வடிவமே செய்து பேட்டில்ஸ்டார் விக்கியில் வைத்திருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டுக் கேட்பது இன்னும் சுலபம்.

முழு சீசனையும் பார்த்து முடிக்காமல் காமென்டரிக்குப் போகாதீர்கள். பேசுகிறவர்கள் பின்னால் வரும் மரணங்களையும் திருப்பங்களையும் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு நாளில் ஒரு முழு எபிசோடு கேட்க வேண்டும் என்றும் இல்லை. பத்து நிமிடம் போதும். நோட்டில் ஒரு பக்கம் ‘என்ன மாற்றினார்கள்’, மறுபக்கம் ‘யார் சொல்லி, எதனால்’ என்று எழுதுங்கள். காசு, நேரம், நடிகரின் உடல்நிலை, சேனல், மழை என்று இரண்டாவது பக்கம் மளமளவென்று நிரம்பும். ஒரு காட்சி முழுக்க அவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டால், அந்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, அந்தக் காட்சியை அசல் ஒலியோடு மறுபடி போட்டுப் பாருங்கள்.