இரண்டு வருஷமாக வேதம் வாசிக்கிறேன், விசுவாசம் வளர்ந்த மாதிரியே தெரியவில்லை. என்ன செய்வது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: காரைக்குடிப் பக்கம், கூட்டுக்குடும்பம், வீட்டில் ஞானஸ்நானம் எடுத்தவர் நீங்கள் ஒருவர் மட்டும், தினமும் வாசித்தும் புரியவில்லை. இதற்கு வந்திருக்கும் பதில்களில் முக்கால்வாசி "இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்" என்று முடிகின்றன. எப்படி ஜெபிப்பது, எதை வாசிப்பது என்று ஒருவரும் சொல்லக் காணோம். நான் போதகர் இல்லை. "இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது" என்று கேட்க வருகிறவர்கள் கீழே உள்ள வசனங்களைத் திறந்து சரிபார்த்துவிட்டு வந்து திட்டலாம்.

எங்கே தட்டியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் ஆரம்பித்திருப்பீர்கள். சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் 1189 அதிகாரம். வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் ஓட வேண்டும். அந்தக் கணக்கில் ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25-க்கு வந்து நிற்பீர்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தூக்கிச் சென்ற ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொளுக்கி, திரை, முழக்கணக்கு. மாதக் கடைசியில் லேவியராகமம். வண்டி நிற்கும் இடம் எல்லாருக்கும் அதுதான். சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அதற்குப் பொருள் சொல்லும் எபிரெயருக்கு எழுதின நிருபம் 9-ஐ வாசிக்காதவருக்கு அந்தக் கூடாரம் வெறும் தச்சு வேலைக் கணக்குதான்.

மாற்குவில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சின்னது. ஒரு ஞாயிறு மத்தியானம் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும். இரண்டும் ஒருவரே எழுதிய இரண்டு பாகம், சேர்த்து 52 அதிகாரம். நடுவில் யோவானைச் செருகாமல் தொடர்ந்து வாசித்தால்தான் கதை எருசலேமுக்குப் போவதும் அங்கிருந்து ரோமாபுரிக்குப் போவதும் தெரியும். புதிய ஏற்பாடு மொத்தம் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம்.

வேதாகமம் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பின் வழியில் வருவது. உங்கள் சபையில் வாசிப்பது அநேகமாக அதுதான். இன்னொன்று 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம். "அது ஆர்.சி. பைபிள், தொடாதே" என்று யாராவது சொல்வார்கள். கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு அது. கத்தோலிக்க வேதாகமத்தில் மட்டும் கூடுதலாக உள்ள புத்தகங்கள் வேண்டாமென்றால் அவற்றை விட்டுவிட்டு மற்றதை வாசியுங்கள். பழையதில் ஒரு வசனம் முடிச்சாக இருந்தால் புதியதில் அதே வசனம் பெரும்பாலும் அவிழும்.

வேதாகமம் வாங்குவது பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனசில்லை. கல்யாணப் பரிசு என்று ஜிப் உறை, தங்க ஓரம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார்களே, ஏன்? நாற்பது வயது தாண்டியவர் அதை ராத்திரி விளக்கில் வாசிக்க முடியாது. ஷோகேஸில் பீங்கான் பொம்மைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். அதே காசுக்குச் சாதா அட்டை, பெரிய எழுத்து கிடைக்கும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புரிந்துகொள்வது எப்படி என்பதை உங்கள் வீட்டுப் பிரச்சினையிலேயே காட்டுகிறேன். நகரத்தார் வீடா வேறு வீடா என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளையார் நோன்பு உள்ள வீடு என்றே வைத்துக்கொள்கிறேன். திருக்கார்த்திகை கழிந்து 21-ஆம் நாள், 21 நூல் சேர்த்த திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது, அதாவது இழை எடுத்துக்கொள்வது. இது ஒரு பக்கம். மறுநாள் காலையில் அப்பத்தா தட்டில் கொண்டுவந்து வைக்கும் பணியாரம் இன்னொரு பக்கம். முன்னோருக்குப் படைத்த சாப்பாட்டிலும் இதே கேள்விதான். சாப்பிடலாமா, கூடாதா? சபையில் கேட்டால் ஒருவர் "தொடவே கூடாது" என்பார், ஒருவர் "ஜெபித்துவிட்டுச் சாப்பிடு" என்பார். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வசனம் உண்டு, இரண்டும் ஒரே நிருபத்தில் இருக்கிறது.

முதல் கொரிந்தியர் 8, 9, 10 மூன்றையும் விடாமல் மூன்று தடவை வாசியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி.

முதல் தடவை: யார், யாருக்கு, என்ன நிலையில்? பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருஷம் இருந்தவர் (அப்போஸ்தலர் 18:11), இதை எபேசுவிலிருந்து எழுதுகிறார் (1 கொரிந்தியர் 16:8). கொரிந்து கோவில்கள் நிறைந்த ரோமக் குடியேற்ற நகரம். கோவிலில் பலியான இறைச்சி கோவில் விருந்துக்கும் போகும், கடைத்தெருவுக்கும் போகும். 10:25-இல் "கடை" என்று வருகிறதே, மூலத்தில் அது இறைச்சி விற்கும் சந்தையைக் குறிக்கும் சொல். உங்களைப் போலவே அவர்களும் சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போக வேண்டியவர்கள்.

இரண்டாம் தடவை: வாதம் எங்கே திரும்புகிறது? "ஆனாலும்", "ஆகையால்" என்று வரும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 8:4-இல் விக்கிரகம் ஒன்றுமில்லை என்கிறார். 8:9-இல் அந்தத் தைரியம் பலவீனனைத் தடுக்கிவிடக் கூடாது என்கிறார். 9 முழுக்கத் தன் உரிமையைத் தான் விட்டுக்கொடுத்ததைப் பற்றி. இது ஏதோ வேறு பேச்சு என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. வாதத்தின் முதுகெலும்பே அதுதான். 10:14 முதல் 22 வரை வழிபாட்டில் பங்கெடுப்பது பற்றி, கண்டிப்பான தடை. 10:25 முதல் சாப்பாடு பற்றி, கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கு, அழைத்த வீட்டில் வைத்ததைச் சாப்பிடு. 10:28-இல் மட்டும் ஒரு விலக்கு: "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே.

மூன்றாம் தடவை: என் வீட்டில் இது எது? இழை எடுப்பது வழிபாடு, 10:14-க்குள் வரும். மறுநாள் பேச்சில்லாமல் தட்டில் வரும் பணியாரம் 10:27. "பிள்ளையாருக்கு வைத்தது, எடுத்துக்கோ" என்று அப்பத்தா சொல்லிக் கொடுத்தால் 10:28. அப்போது வாங்கிக்கொள்ளாமல் எழுந்துபோகச் சொல்லவில்லை. "எனக்கு வேண்டாம் அப்பத்தா, கோவிச்சுக்காதீங்க" என்று உட்கார்ந்தபடி சொல்லலாம். 10:32 வெளியாருக்கும் இடறலாக இருக்காதே என்கிறது. இதைக் கண்டிப்பாக வைத்திருக்கும் சபைகள் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் மூன்று அதிகாரத்தையும் சேர்த்து வாசித்து வந்த முடிவாக இருக்கட்டும்.

"ஓரியூர் அருளானந்தரைப் பார், உயிரையே கொடுத்தார், நீ ஒரு பணியாரத்துக்குப் பயப்படுகிறாயே" என்று தூண்டிவிடுவோரும் உண்டு. அருளானந்தர் என்பது ஜான் தெ பிரிட்டோ என்ற போர்த்துகீசிய மிஷனரி. 1693 பிப்ரவரி 4-இல் அவர் தலை வெட்டப்பட்டதன் பின்னணி வேறு. ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவு. அது கல்யாணத்தைப் பற்றிய கொள்கை. தட்டைத் தள்ளிவிட்டதால் வந்த வினை இல்லை.

ஒரு வசனத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைக்கும் இதே சோதனையைப் போடுங்கள். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களிடம் வீடு கட்டு, தோட்டம் போடு, இருக்கிற ஊரின் நன்மைக்கு ஜெபி என்று எழுதிய கடிதம் அது. இந்த வருஷம் கடன் தீரும் என்ற உறுதி அதில் இல்லை.

ஜெபத்துக்குச் சங்கீதம். 150 சங்கீதம், நாளுக்கு ஐந்து என்றால் மாதத்தில் முடியும். 119 வரும் நாளில் அதை மட்டும். உதடு அசைய மெல்ல வாசியுங்கள், அதுவே ஜெபம். சொந்த வார்த்தை வராத நாளிலும் ஜெபம் நிற்காது. கூட்டுக்குடும்பத்தில் இடமில்லை என்பீர்கள். மத்தேயு 6:6-இல் "அறைவீடு" என்று இருப்பதற்கு மூலத்தில் உள்ள சொல் தானியம், சாமான் வைக்கும் உள்ளறை. லூக்கா 12:24-இல் காகங்களுக்குப் "பண்டசாலை" இல்லை என்று வருவதும் அதே சொல்தான். நம் ஊர்ப் பழைய வீட்டு உக்கிராண அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி மூட்டைக்கு நடுவில் பதினைந்து நிமிஷம் போதும்.

"வளர்ந்த மாதிரி தெரியவில்லை" என்பதற்கு வருகிறேன். கண்ணீர், சிலிர்ப்பு இவற்றை வைத்து அளந்தால் எழுப்புதல் கூட்டத்தில் ஏறும், திங்கட்கிழமை இறங்கும். "விசுவாசம்" என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் உள்ள கிரேக்கச் சொல் பிஸ்திஸ். நம்புவது என்றும் பொருள், நம்பகமாக இருப்பது என்றும் பொருள். கலாத்தியர் 5:22-இல் ஆவியின் கனியாக வருவதும், தீத்து 2:10-இல் வேலைக்காரர் எஜமானிடம் காட்ட வேண்டியதும் இந்தச் சொல்தான். ஊர்ப்பேச்சில் "நன்றி விசுவாசம்" என்கிறோமே, அந்தப் பொருளைச் சபைத் தமிழ் மறந்துவிட்டது. சொன்ன நேரத்துக்குக் கடை திறக்கிறீர்களா, வாங்கிய கைமாத்து தேதியில் போகிறதா, வீட்டில் உள்ளவர்கள் உங்கள் பேச்சை முன்பைவிட நம்புகிறார்களா? அதைப் பாருங்கள். மாதம் ஒரு தடவை போதும். தினமும் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. விசுவாசம் என்ற பெயரில் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் பக்கமே போகாதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சொன்னதே கொஞ்சம் திராட்சரசம் என்ற வீட்டு வைத்தியம் (1 தீமோத்தேயு 5:23). வாரத்துக்கு மூன்று சபை சுற்றவும் வேண்டாம். உங்கள் பெயரும் குறையும் தெரிந்த பத்துப் பேர் இருக்கும் ஒரே இடத்தில் இருங்கள்.

நாலு நாள் வாசிப்பு விட்டுப்போனால் நாலையும் சேர்த்து முடிக்க உட்காராதீர்கள். திட்டம் முழுசாகக் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்த ஐந்தாம் நாள்தான். அன்றைக்குள்ள அதிகாரத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். விட்டது அடுத்த வருஷம் எப்படியும் வரும்.