25% இறக்குமதி வரி போட்டால் கார் விலையும் 25% ஏறுமா? உள்நாட்டுக் கார் வாங்குபவர் தப்பித்துவிடுவாரா?

அப்படியே ஏறாது. வரி துறைமுகத்தில் கணக்கிடும் மதிப்புக்குத்தான், ஷோரூம் விலைக்கு இல்லை. 40,000 டாலருக்கு விற்கும் காரின் இறக்குமதி மதிப்பு 30,000 என்று வைத்துக்கொண்டால், வரி 7,500. அதில் ஒரு பங்கைக் கம்பெனி தன் லாபத்தில் குறைத்துக்கொள்ளலாம். மீதி வாங்குபவர் தலையில்தான்.

உள்நாட்டுக் காரும் தப்பாது. அதற்குள் இருக்கும் உதிரிபாகங்கள் பல வெளிநாட்டிலிருந்து வருபவை. போட்டிக் கார் விலை ஏறியதும் உள்நாட்டுக் கம்பெனிகளும் சத்தமில்லாமல் ஏற்றும். புதுக் கார் கட்டுப்படியாகாதவர்கள் பழைய கார் பக்கம் திரும்ப, அதுவும் விலை ஏறும். வசதி குறைந்தவருக்கு இதுதான் பெரிய அடி.

இப்படிப்பட்ட வரி ‘தற்காலிகம்’தான் என்ற பேச்சை நம்பாதீர்கள். ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964-ல் அமெரிக்கா இலகுரக டிரக்குகளுக்கு 25% வரி போட்டது. சண்டை கோழிக்கு, தண்டனை டிரக்குக்கு! அது இன்னும் நீங்கவில்லை. அதைத் தவிர்க்க ஃபோர்டு தன் ‘டிரான்சிட் கனெக்ட்’ சரக்கு வேன்களைப் பின் இருக்கைகளோடு பயணிகள் வண்டியாக இறக்கியது. கரை சேர்ந்ததும் அந்த இருக்கைகளைக் கழற்றிவிட்டது. அமெரிக்காவில் வெளிநாட்டு பிக்கப் டிரக் கம்பெனிகள் அங்கேயே ஆலை வைத்ததற்கும் இந்த வரி ஒரு முக்கியக் காரணம். வேலை கிடைத்தது உண்மை. ஆனால் போட்டி குறைந்த சந்தையில் பேரம் பேசும் பலம் வாங்குபவரிடம் இருக்காது.