கிளாஸ்கோவுக்கு வரும் தம்பிக்கு: செல்டிக் பின்னால் ஐரோப்பா சுற்றுவது பற்றி

தம்பி, செப்டம்பரில் கிளாஸ்கோவுக்கு முதுகலை படிக்க வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு, பகுதி நேர வேலை கிடைக்குமா, குளிர் தாங்குமா, இட்லி அரிசி கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசி வரியில் இதையும் கேட்டிருக்கிறீர்கள்: 2012இல் உங்கள் ஊர் கால்பந்து கிளப் செல்டிக் பார்சிலோனாவைத் தோற்கடித்த ஆட்டத்தை ராத்திரி ஒன்றே காலுக்கு எழுந்து அண்ணனோடு டிவியில் பார்த்ததிலிருந்து நான் செல்டிக் ரசிகன், ஐரோப்பிய ஆட்டங்களுக்கு டீம் பின்னாலேயே மற்ற நாடுகளுக்கும் போய்ப் பார்க்க ஆசை, நடக்குமா?

முதல் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அரிசி எல்லாம் கிடைக்கும். குளிர் கோட்டை ஊரில் வாங்காதீர்கள், இங்கே வந்து வாங்குங்கள். கடைசிக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். வருகிற பிள்ளைகளில் அதைக் கேட்கிறவர்கள் யாருமே இல்லை, எனக்கு அதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் விசா. பிரிட்டன் மாணவர் விசா பிரிட்டனுக்கு மட்டும்தான் செல்லும். ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி எங்கே ஆட்டம் என்றாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, அது போக முகவர் மையத்தின் கட்டணம், பயணக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், பல்கலைக்கழகக் கடிதம். விண்ணப்பம் கொடுத்த பிறகு சாதாரணமாக 15 நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதைக் கொடுப்பதற்கு மையத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பதே தனிப் பாடு. அட்டவணையோ ஆகஸ்ட் கடைசியில் எந்த டீமோடு எந்த டீம் என்ற குலுக்கல் முடிந்த பிறகுதான் வரும், முதல் ஆட்டம் செப்டம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். அதனால் செப்டம்பர், அக்டோபர் வெளிநாட்டு ஆட்டங்களை இந்த முதல் வருடம் மறந்துவிடுங்கள். நவம்பருக்குப் பிறகு வருகிற ஒரு ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த நாட்டிடமே விண்ணப்பியுங்கள். பலமுறை நுழையும் விசாவாகவே கேளுங்கள், கொடுத்தால் அடுத்த சுற்றுக்கும் உதவும்.

அயர்லாந்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். செல்டிக் ரசிகர்களுக்கு டப்ளின் சொந்த ஊர் மாதிரி, அடிக்கடி போவார்கள், உங்களையும் வா என்று கூப்பிடுவார்கள். பெல்ஃபாஸ்ட் பிரிட்டனுக்குள் இருப்பதால் அங்கே வரைக்கும் சரி. அங்கிருந்து டப்ளினுக்கு பஸ்ஸில் போனால் வழியில் எல்லைச் சோதனை எதுவும் கண்ணில் படாமலே போய்விடலாம், அதை நம்பித்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அயர்லாந்து தனி நாடு, தனி விசா. கூட வருகிறவர்களுக்கு இது தெரியாது, அவர்கள் வாழ்க்கையில் விசா என்ற ஒன்றே இருந்ததில்லை. 'ஒன்றும் ஆகாது, வாடா' என்று நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஏதாவது ஆனால் பாதிக்கப்படுவது உங்கள் படிப்பு.

இந்த விசா விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், 2003 காரணம்.

நான் வந்தது 2002இல். நகரத்தின் கிழக்கே டெனிஸ்டவுனில் பழைய கல் கட்டடம் ஒன்றில் ஒரு அறை. வீட்டுக்காரர் ஹீட்டரை இஷ்டத்துக்கு நிறுத்திவிடுவார், முன்பணத்தையும் கடைசிவரை திருப்பித் தரவில்லை. வாரக்கடைசியில் வேலை பார்த்த உணவகத்தின் முதலாளி நம்ம பக்கத்து ஆள்தான், தம்பி தம்பி என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே பாதிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்கு இருட்டிவிடும். கிளாஸ்கோ பேச்சு காதில் விழும், ஒரு வார்த்தை மண்டையில் ஏறாது. அந்தக் கட்டடத்தில் எனக்கு மேல் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், 1967இல் லிஸ்பனுக்குப் போய் வந்தவர். அந்த வருடம் மே 25 அன்றுதான் பயிற்சியாளர் ஜாக் ஸ்டீனின் செல்டிக் அங்கே இன்டர் மிலானை 2-1 என்று ஜெயித்து, ஐரோப்பிய கிளப்புகளின் மிகப் பெரிய கோப்பையான ஐரோப்பியக் கோப்பையை வாங்கியது. பிரிட்டனிலிருந்து அதை வாங்கிய முதல் கிளப். ஆடிய பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து 30 மைலுக்குள் பிறந்த பையன்கள். இதைப் பெரியவர் எனக்குப் புரிகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுவார். நான் கிளாஸ்கோ ஆங்கிலம் கற்றுக்கொண்டது இப்படித்தான். இன்றைக்கு எந்த டாக்ஸிக்காரரோடும் நான் அவர் பேச்சிலேயே பேசுவேன், அதில் எனக்குப் பெருமைதான்.

அவருடைய மகன் வடகடல் எண்ணெய்த் தளத்தில் வேலைக்குப் போகும் வாரங்களில் மைதானத்தில் மகனுடைய இருக்கை காலியாக இருக்கும். அதில்தான் என்னை முதன்முதலில் உட்கார வைத்தார், ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ நடத்தும் கோப்பையில் இங்கிலாந்தின் பிளாக்பர்னோடு நடந்த ஆட்டத்துக்கு. கேலோகேட் சாலை முழுக்க ஜனம், எல்லாரும் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையில் மட்டுமே அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்திருந்தேன். ஆட்டம் முழுக்க பிளாக்பர்ன் கையில்தான் இருந்தது, முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் லார்சன் ஒரு கோல் போட்டார். அறுபதாயிரம் பேர் ஒரே சமயத்தில் எழுந்தபோது யாரோ முன்பின் தெரியாத ஆள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். இந்த ஊருக்கு வந்து அத்தனை நாளில் ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அந்த சீசன் வளர்ந்துகொண்டே போனது. பிளாக்பர்னை அவர்கள் ஊரிலேயே 2-0, செல்டா விகோவை, மொத்தக் கோல் சமமானதால் வெளியூரில் போட்ட கோல் கணக்கில், லார்சன் தாடை உடைந்து ஆட முடியாதபோதும் ஸ்டுட்கார்ட்டை இங்கே 3-1, ஆன்ஃபீல்டில் லிவர்பூலை தாம்சனும் ஹார்ட்சனும் போட்ட கோல்களில் 2-0. ஏப்ரல் 24இல் போவாவிஸ்டாவை ஜெயித்தபோது செவில்லே இறுதி ஆட்டத்துக்கு நாலு வாரம்கூட இல்லை. என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதற்குள் ஸ்பெயின் விசா வாங்க வழியே இல்லை. கிளாஸ்கோவே காலியான மாதிரி எண்பதாயிரம் பேர் போனார்கள், அதில் பெரும்பாலோரிடம் டிக்கெட்கூட இல்லை, சும்மா அந்த ஊரில் இருந்தால் போதும் என்று போனவர்கள். நான் கேலோகேட்டில் ஒரு மதுக்கடையில் நின்று பார்த்தேன். எதிரே மொரின்யோ பயிற்சியளித்த போர்ட்டோ. லார்சன் தலையால் இரண்டு கோல், இரண்டு முறை சமன், கூடுதல் நேரத்தில் எங்கள் பால்டே வெளியேற்றப்பட்டார், 115வது நிமிடத்தில் போர்ட்டோவின் டெர்லெய் கோல். 3-2 என்று அவர்கள் ஜெயித்தார்கள். நாலு நாள் கழித்து உள்ளூர் லீக் பட்டமும் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் இந்த ஊரின் இன்னொரு கிளப்பான ரேஞ்சர்ஸுக்குப் போனது. அந்த வருடம் செல்டிக் கையில் ஒரு கோப்பையும் இல்லை. ஆனால் செவில்லேக்குப் போன கூட்டம் நடந்துகொண்ட விதத்துக்காக ஃபிஃபா ரசிகர்களுக்கே விருது கொடுத்தது. பெரியவர் வெயிலில் தோல் உரிந்த முகத்தோடு திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கும் வரை, ஆகஸ்ட் குலுக்கல் முடிந்த மறுநாளே உட்கார்ந்து விசா விண்ணப்பம் எழுதுவது எனக்கு வழக்கமானது.

இனி டிக்கெட். யூஇஎஃப்ஏ ஆட்டங்களில் வெளியூர் ரசிகர்களுக்கு மைதானத்தில் ஐந்து சதவீத இடம்தான். வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கே அது போதாது. புதிதாக வந்தவருக்கு நேராகக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நம்ம மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் 'என்னிடம் ரெண்டு இருக்கு, பணத்தை அனுப்பு' என்று ஒரு ஆள் வருவான், தமிழில்தான் பேசுவான், பணம் போன பிறகு குழுவிலேயே இருக்க மாட்டான். இதில் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். சரியான வழி ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் சப்போர்ட்டர்ஸ் கிளப் பஸ்தான். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்று இருக்கும், சேர்ந்து உள்நாட்டு வெளியூர் ஆட்டங்களுக்கு மழையில் குளிரில் கூடப் போங்கள். முகம் பழகினால் ஒருநாள் யாராவது வர முடியாமல் போகும்போது உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வரும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயரில் வாங்கிய கல்விக் கடனில் விமானம் ஏறாதீர்கள். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கவும் கூடாது, கூடுதலாகப் பார்த்து டிக்கெட்டுக்குச் சேர்க்கலாம் என்று யோசனை சொல்லுகிற அண்ணன்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். வெளிநாட்டில் செல்டிக் பெரும்பாலும் தோற்கும், அதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். 2024 அக்டோபரில் டார்ட்மண்டில் 7-1. நான் அங்கே இருந்தேன். அதே சீசனில் பிப்ரவரியில் மியூனிக்கில் எங்கள் கூன் கோல் போட்டு பேயர்னோடு இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கணக்கைச் சமன் செய்து, கூடுதல் நேரம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது 94வது நிமிடத்தில் பேயர்னின் டேவிஸ் போட்ட கோலோடு முடிந்தது. அங்கேயும் இருந்தேன். அந்த இரவுக்காக நான் செலவழித்த ஒரு பவுண்டையும் திரும்பக் கேட்க மாட்டேன், ஆனால் நான் சம்பாதிக்கிறவன்.

அப்புறம் டீம் நிறம். இதுதான் இந்த ஊரில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய விஷயம். 'நீ எந்த டீம்?' என்று இரவில் ரயிலிலோ தெருவிலோ முன்பின் தெரியாதவர் கேட்டால், கால்பந்து பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். செல்டிக்குக்கும் ரேஞ்சர்ஸுக்கும் நடுவில் இருப்பது விளையாட்டுப் போட்டி மட்டும் இல்லை, கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், அயர்லாந்து என்று தலைமுறை தலைமுறையாக வந்த பகை. செல்டிக்கின் பச்சை வெள்ளை ஸ்கார்ஃபை வேலை நேர்காணலுக்கோ புது வீடு பார்க்கவோ போட்டுக்கொண்டு போகாதீர்கள். கூட்டத்தில் சிலர் பாடும் பாட்டுகளை அர்த்தம் தெரியாமல் கூடச் சேர்ந்து பாடாதீர்கள். புகைக்குச்சி, வாணம் எதையும் கையில் வாங்காதீர்கள், ஒரு நிமிடம் பிடி என்று கொடுத்தாலும். அதை வைத்திருப்பதே குற்றம், குற்றப் பதிவு ஏறினால் உங்கள் விசாவுக்கு ஆபத்து. வந்த மூன்று மாதத்தில் பழைய ஆட்களைவிட வெறியாகக் கத்துகிற நம்ம பையன்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணில் கண்ட ரேஞ்சர்ஸ்காரரை எல்லாம் வெறுப்பதுதான் இந்த ஊர்க்காரனாக ஆவது என்று நினைக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ரேஞ்சர்ஸ்காரர் ஒருவர் 2022இல் செவில்லேக்குப் போய், தன் டீம் பெனால்டியில் ஃப்ராங்க்ஃபர்ட்டிடம் தோற்றதைப் பார்த்துத் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோது எங்கள் பெரியவர்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தார்.

இன்னொரு பக்கம், இங்கே இருபது வருடமாக இருந்தும் மைதானத்தை வெளியிலிருந்துகூடப் பார்க்காத நம்மவர்களும் உண்டு. கால்பந்து குடிகாரர்கள் பார்ப்பது என்பார்கள். பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு வீட்டு விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள். லண்டனிலிருந்து வருகிற உறவினர்கள் வேறு, ஸ்காட்லாந்தில் என்ன இருக்கிறது என்று முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தம் உண்டு. அந்தக் கிளப்பையே 1887இல் வால்ஃப்ரிட் என்ற அயர்லாந்து மதச் சகோதரர் தொடங்கியது கிழக்குக் கிளாஸ்கோவில் பசியோடு கிடந்த ஐரிஷ் அகதிக் குடும்பங்களுக்குச் சோறு போடத்தான். பிழைக்க வந்தவர்கள் கட்டிய கிளப் அது, நமக்கு அன்னியமானது என்று எப்படிச் சொல்வது? 1936இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கிலிருந்து வந்த முகமது சலீம் காலில் பூட்ஸ் இல்லாமல், வெறும் துணிக்கட்டோடு செல்டிக்கின் ரிசர்வ் அணிக்கு ஆடினார். கால்ஸ்டன் அணியை 7-1 என்று ஜெயித்த ஆட்டம் அது. ஊர் ஞாபகம் தாங்காமல் சீக்கிரமே திரும்பிப் போய்விட்டார். இதைச் சொன்னால் இங்கே பிறந்த நம்ம பிள்ளைகளே நம்புவதில்லை.

அதனால் தம்பி, முதல் பருவத்தில் இங்கேயே ஒரு ஐரோப்பிய ஆட்ட இரவைப் பாருங்கள், பெரும்பாலும் எட்டு மணிக்குத் தொடங்கும். சுரங்க ரயில் செல்டிக் பக்கம் போகாது, அது போவது ரேஞ்சர்ஸ் மைதானமான ஐப்ராக்ஸுக்கு. டால்மார்னக் ரயில் நிலையத்திலோ பெல்குரோவ் நிலையத்திலோ இறங்கி நடங்கள், முடிந்தால் நகரத்திலிருந்தே கேலோகேட் வழியாக நடங்கள். மைதானத்துக்குள் மது கிடையாது, 1980 கோப்பை இறுதி ஆட்டக் கலவரத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்தில் அப்படித்தான், ஊரில் அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம். இரண்டாவது பருவத்தில் ஒரே ஒரு வெளிநாட்டு ஆட்டம், விசா கையில் வந்த பிறகு விமான டிக்கெட். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பகுதியில் தங்கப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே. எழுதுங்கள், பக்கத்தில் எந்த பஸ் என்று விசாரித்துச் சொல்கிறேன்.