வயதான மரத்தை வெட்டச் சொல்கிறார்களா? முதலில் இதைக் கேளுங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்து மரம் ஒன்று நிற்கிறது. போன மாதக் காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்து விழுந்தது. மறுநாளே இரண்டு பேர் கதவைத் தட்டி, "மரம் ரொம்ப உயரம், மேல் பாதியை எடுத்துவிட்டால் பயமில்லை, இன்றைக்கே சொன்னால் குறைத்துப் போட்டுத் தருகிறோம்" என்றார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காற்று அடித்த மறுநாள் தேடி வந்து "இன்றைக்கே" என்று அவசரப்படுத்துபவருக்கு உங்கள் மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. உங்கள் பயம் மட்டும்தான் தெரியும்.

அவர்கள் சொல்வது மரத்தை மொட்டையடிப்பது. வயதான மரத்துக்கு அதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. மரத்துக்கு உணவு செய்து தருவது இலை. பாதி இலை போனால், சேமிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும் கிழமரம் அந்த இழப்பைத் தாங்காது. பெரிய கிளையை நடுவில் அறுத்த இடம் மூடாமலே கிடந்து உளுக்கத் தொடங்கும். அதற்குக் கீழே கொத்துக் கொத்தாகப் போத்துகள் கிளம்பும். அவை உள்கட்டையில் வேர்கொண்ட கிளைகள் அல்ல, மேலடுக்கில் மட்டும் ஒட்டி நிற்பவை. சில வருடங்களில் மரம் பழைய உயரத்துக்கே வந்துவிடும். அப்போது காற்றில் முறிவது முன்னைவிடச் சுலபம்.

அப்படியானால் எதுவும் செய்யாமல் விடுவதா? இல்லை. காய்ந்த கிளை, விரிசல் விட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவற்றை எடுக்கும் முறையான கவாத்து தேவைப்படலாம். ஒரு வருடத்தில் பச்சை இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அது திடமான மரத்துக்கு. வயதான மரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டாலே நான் யோசிப்பேன். கிளையின் நீளத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், அதிலிருந்து பிரியும் பக்கக் கிளை ஒன்று வரை வெட்ட வேண்டும். அந்தப் பக்கக் கிளைக்கு, வெட்டப்படும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

வெட்டும் இடமும் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போலச் சற்றுப் புடைத்திருக்கும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுக்க வேண்டும். இதை உலகுக்குப் புரியவைத்தவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ. ஏராளமான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து, மரம் காயத்தை நம் தோலைப்போல ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிலும் தடுப்பு எழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டினார். தண்டோடு ஒட்ட அறுத்தால் அந்தத் தடுப்பே போய்விடுகிறது. வெட்டுவாயில் தார், பெயிண்ட் பூசுவது உளுப்பதைத் தடுக்காது என்பதும் அவருடைய ஆய்வில் தெளிவானது. பெயிண்டுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்கள் தேட வேண்டியது அறுப்பவரை அல்ல, மரம் பார்க்கத் தெரிந்த ஆர்பரிஸ்டை. 1924-இல் தொடங்கிய சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் (ஐஎஸ்ஏ) இவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. தேர்வு எழுத மூன்று வருட வேலை அனுபவமோ, அதற்கு ஈடான படிப்பும் அனுபவமுமோ வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கி, சங்கத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். சங்கத்தில் உறுப்பினராக இருப்பது வேறு, சான்றிதழ் வைத்திருப்பது வேறு. இரண்டையும் குழப்பி விளம்பரம் செய்பவர்கள் உண்டு. முடிந்தால் வெட்டும் வேலையை எடுத்துக்கொள்ளாதவரிடம் பார்வைக் கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வெட்டினால்தான் வருமானம் என்று இருப்பவருக்கு எல்லா மரமும் ஆபத்தாகத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் மரத்தின் அடித்தண்டில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. ஒருவர் சிமென்ட் வைத்து அடைக்கலாம் என்கிறார், இன்னொருவர் உடனே வெட்டச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சிமென்ட் கண்டிப்பாக வேண்டாம். ஒரு காலத்தில் எல்லோரும் செய்தார்கள், இன்று கைவிடப்பட்ட முறை அது. காற்றில் மரம் அசையும், சிமென்ட் அசையாது. உரசி உரசி, மரம் எழுப்பிய தடுப்பை உடைத்துவிடும். ஈரமும் உள்ளே தங்கும்.

பொந்து இருப்பதாலேயே வெட்டவும் வேண்டாம். நீரும் உணவும் போவது தண்டின் வெளி அடுக்குகளில். நடுக்கட்டை போனாலும் மரம் பல காலம் வாழும். கேள்வி, மிச்சமிருக்கும் சுவர் தாங்குமா என்பதுதான். ஜெர்மன் ஆய்வாளர் கிளாஸ் மாத்தெக் சொன்ன கணக்கு ஒன்று உண்டு: நல்ல கட்டையின் கனம் தண்டின் ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 90 செ.மீ. குறுக்களவுள்ள தண்டு என்றால் சுற்றிலும் 15 செ.மீ. நல்ல கட்டை வேண்டும். இதை முடிவாக எடுக்காதீர்கள். பொந்தின் வாய் பெரிதாகத் திறந்திருந்தால் கணக்கு மாறும், மரத்தின் உயரமும் சாய்வும் சேரும்போது இன்னும் மாறும்.

பொந்தைவிட என்னைப் பயமுறுத்துவது தூரில் தெரிபவை. வேர்ப்பகுதியில் விசிறி போல முளைக்கும் கெட்டியான காளான், ஒரு பக்கம் மட்டும் புடைத்தோ வெடித்தோ இருக்கும் மண், முன்பு இல்லாத புதுச் சாய்வு. மண் புடைத்து, சாய்வும் கூடிக்கொண்டே வந்தால் தாமதிக்க வேண்டாம். அடியில் யாரையும் விடாமல் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். சில மரங்களை வெட்டத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

வருபவர் முதலில் மரச்சுத்தியலால் தட்டிக் கேட்பார். சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசித் துளையிட்டு எதிர்ப்பை அளக்கும் கருவியோ, தண்டைச் சுற்றிச் சென்சார் வைத்து ஒலியால் உட்புறத்தைப் படமெடுக்கும் கருவியோ கொண்டுவருவார். எல்லா மரத்துக்கும் இது தேவையில்லை. எடுத்த எடுப்பில் கருவிச் சோதனையை விற்பவரிடம், கண்ணால் பார்த்ததில் என்ன சந்தேகம் வந்தது என்று கேளுங்கள்.

இன்னொன்று: விழுந்தால் எதன் மேல் விழும் என்பதும் ஆபத்தில் பாதி. சில சமயம் மரத்தை வெட்டுவதற்குப் பதில் ஊஞ்சலையும் காரையும் இடம் மாற்றினாலே போதும்.

கேள்வி: வருடத்துக்கு இரண்டு முறை உரம் ஊசி போடும் பேக்கேஜ் ஒன்றைச் சொல்கிறார்கள். இலை சிறுத்து மரம் சோர்ந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: மண் பரிசோதனை செய்தார்களா? செய்யாமல் உரம் விற்பது, சோதிக்காமல் மருந்து கொடுப்பது போல. தழைச்சத்து கூடினால் தளிர் தள்ளும். அதைத் தாங்க வேருக்குத் திராணி இல்லாவிட்டால் மரம் இன்னும் தளரும்.

சோர்வுக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணில் இருக்கும். நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு முப்பது சென்டிமீட்டருக்குள்தான். அவை கிளைகளின் நிழலைத் தாண்டியும் வெகுதூரம் போகும். நாலைந்து வருடம் முன்பு அங்கே குழி தோண்டினீர்களா, மண் கொட்டி உயர்த்தினீர்களா, வண்டி நிறுத்துகிறீர்களா? வேர் அறுந்ததும் மண் இறுகியதும் இப்படித் தாமதமாகத்தான் இலையில் தெரியும். புல்தரைக்குத் தெளிக்கும் களைக்கொல்லிகளில் சில மரத்தின் வேருக்கும் போகும், லேபிளைப் படியுங்கள்.

அந்தப் பணத்தில் மூடாக்குப் போடுங்கள். மரச்சில்லு 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு, முடிந்தவரை அகலமாக. தண்டில் மட்டும் படக் கூடாது, அங்கே குவித்தால் பட்டை அழுகும். வறட்சியில் கிளை விரிவின் ஓரத்தில் மெதுவாக, ஆழமாக இறங்கும்படி தண்ணீர் விடுங்கள். மரம் வெட்டும் குழுக்களிடம் சில்லு மிஞ்சிக் கிடக்கும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

கேள்வி: கவாத்துக்கு மூன்று கொட்டேஷன் வாங்கினேன். ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: மூவரும் ஒரே வேலையைத்தான் சொல்கிறார்களா என்று முதலில் பாருங்கள். "மரம் சுத்தம் செய்தல்" என்று ஒரு வரியில் எழுதிய கொட்டேஷனை ஒதுக்கிவையுங்கள். எந்தக் கிளைகள், எவ்வளவு, எதற்காக என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆன்சி ஏ300, பிரிட்டனில் பிஎஸ் 3998 என்று மர வேலைக்கான தரநிலைகள் உண்டு. இப்படி ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுபவர் வேலை தெரிந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். எப்படி ஏறுவீர்கள் என்றும் கேளுங்கள். காலில் ஆணிமுள் கட்டி ஏறுவது வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்கு மட்டும்தான். வாழும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

அப்புறம் இன்சூரன்ஸ். சொத்துச் சேதத்துக்கு ஒன்று, வேலையாட்கள் காயமடைந்தால் ஈடு செய்ய ஒன்று, இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். நகலைப் பார்த்துவிட்டு விடாமல் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே போன் செய்து உறுதி செய்யுங்கள். விலை மிகக் குறைவாக இருக்கும் கொட்டேஷனில் பெரும்பாலும் விடுபட்டிருப்பது இதுதான்.

கழிவை அள்ளுவது, அடிக்கட்டையை அரைப்பது, வேலி உடைந்தால் யார் பொறுப்பு, இவையும் எழுத்தில் வரட்டும். அடிக்கட்டையை அரைக்கும் முன் நிலத்தடிக் குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பெரிய மரத்தைத் தொட உள்ளாட்சியின் அனுமதி தேவைப்படும் இடங்கள் பல. அதை வாங்குவது யார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: தண்டு கவையாகப் பிரியும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்திருக்கிறது. கம்பி கட்டினால் போதும் என்கிறார்கள். செலவு வீணாகுமா?

பதில்: வீணாகாது, சரியாகக் கட்டினால். பட்டை மடிந்த கவை பலவீனமானதுதான். கவையின் இரண்டு கிளைகளையும் பிணைக்கும் கம்பி கவைக்குப் பக்கத்தில் இல்லாமல், அதிலிருந்து கிளை நுனி வரையிலான உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே இருக்க வேண்டும். தண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டவே கூடாது, மரம் பருக்கும்போது அதுவே கழுத்தை நெரிக்கும். கட்டிய பிறகு வருடம் ஒருமுறை ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.