ஒரே மாதிரி, பதினெட்டு ஆய்வகங்கள்: சங்கத்தின் தன்னார்வக் குழு ஒப்பீட்டுச் சோதனையை எப்படி நடத்துவது?

கேள்வி: எங்கள் பிராந்திய நீர்த்தர வல்லுநர் சங்கத்தில் ஆய்வகக் குழுவின் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. குழுவில் ஏழு பேர். எல்லாரும் வேலை பார்த்துக்கொண்டே நேரம் ஒதுக்குகிறவர்கள். உறுப்பினர் ஆய்வகங்கள் 18. எல்லா ஆய்வகங்களுக்கும் ஒரே மாதிரியை அனுப்பி முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறது நிர்வாகக் குழு. போன வருடம் பிஓடி (நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கச் செலவிடும் ஆக்சிஜன்), சிஓடி (கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன்), டிஎஸ்எஸ் (நீரில் கரையாமல் மிதக்கும் திடத்துகள்), அம்மோனியா, பிஹெச், எஞ்சிய குளோரின் என ஆறு அளவுகளுக்கு முயன்றார்கள். கழிவுநீரையே பெரிய கேனில் எடுத்துப் பிரித்து அனுப்பினார்கள். பாதிப் பேர் முடிவே அனுப்பவில்லை. வந்த எண்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இந்த முறை உருப்படியாகச் செய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: ஆறை இரண்டாகக் குறையுங்கள். சிஓடி, டிஎஸ்எஸ் இரண்டும் போதும். உங்களிடம் இருப்பது ஏழு பேருடைய மாலை நேரமும் வார இறுதியும்தான். பத்து வாரத்தில் தொடங்கி முடித்து, அறிக்கையைக் கையில் கொடுக்கக்கூடிய அளவுக்கே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதியில் நின்ற சோதனைக்கு அடுத்த வருடம் யாரும் பெயர் கொடுக்க மாட்டார்கள்.

மற்ற நான்கையும் ஏன் விட வேண்டும்? பிஹெச்சும் எஞ்சிய குளோரினும் மாதிரி எடுத்த 15 நிமிடத்துக்குள் அளக்க வேண்டியவை. கூரியரில் போய்ச் சேரும் குளோரின் மதிப்புக்கு அர்த்தமே கிடையாது. பிஓடியில் விதைநீர், அதாவது நுண்ணுயிர்களுக்காகச் சேர்க்கும் நீர், ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். குளுக்கோஸ், குளுட்டாமிக் அமிலம் தலா 150 மி.கி./லி. கலந்த சரிபார்ப்புக் கரைசலுக்கே ஏற்கத்தக்க வரம்பு 198 ± 30.5 மி.கி./லி. என்று அகலமாக வைத்திருக்கிறார்கள். அதை ஒவ்வொருவரும் தங்கள் ஆய்வகத்திலேயே செய்துகொள்ளலாம். அம்மோனியாவை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கிவையுங்கள்.

மாதிரியைத் தொடும் முன் ரகசியத்தை முடிவு செய்யுங்கள். போன முறை பாதிப் பேர் முடிவு அனுப்பாததற்குச் சோம்பலைக் காரணமாக நினைக்க வேண்டாம். "என் எண் தப்பாக இருந்தால் யார் கைக்குப் போகும்?" என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்திருக்காது. ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். எந்த எண் எந்த ஆய்வகம் என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் இருக்கட்டும். அவர் பங்கேற்கும் ஆய்வகம் எதையும் சேராதவராக, கல்லூரி ஆசிரியராகவோ ஓய்வுபெற்ற உறுப்பினராகவோ இருப்பது நல்லது. குழுத் தலைவரான உங்களுக்கும் அந்தப் பட்டியல் தெரியக்கூடாது.

பதிவுப் படிவத்தில் மூன்று வரிகளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முடிவுகளைச் சங்கம் எந்த ஒழுங்குமுறை அமைப்புக்கும், எந்த நிறுவனத்தின் மேலதிகாரிக்கும் தராது. கருவியோ வேதிப்பொருளோ விற்கும் உறுப்பினர்கள் முடிவுகளை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. இது பயிற்சிக்கான ஒப்பீடு. ஐஎஸ்ஓ/ஐஇசி 17043 தகுதி பெற்ற அமைப்புகள் நடத்தும் திறன் சோதனைக்கு மாற்று அல்ல. மூன்றாவது வரியை விட்டுவிட்டால், உங்கள் தாளை அங்கீகாரத் தணிக்கையில் காட்டப் பார்ப்பவர் நிச்சயம் ஒருவர் இருப்பார்.

அடுத்தது மாதிரி. கேனில் எடுத்த கழிவுநீரைப் பிரித்ததுதான் போன ஆண்டின் பெரிய தவறு. கலக்கிக்கொண்டே ஊற்றினாலும் கனமான துகள் முதலில் கீழே இறங்கிவிடும். முதல் பாட்டிலில் போனதும் கடைசி பாட்டிலில் போனதும் ஒரே நீர் இல்லை. போகிற வழியில் நுண்ணுயிர்களும் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். எண்கள் ஒட்டாததற்கு ஆய்வகங்களைக் குறை சொல்லவே முடியாது. அதனால் மாதிரியைத் தயாரித்து அனுப்புங்கள்.

சிஓடிக்குப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட். ஒரு கிராமுக்கு 1.176 கிராம் ஆக்சிஜன் தேவைப்படும் பொருள் இது. 110° செ. சூட்டில் எடை மாறாத நிலை வரை உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் அண்டாத மூடிய கலம்) ஆறவிட்டு, 17.000 கிராம் நிறுத்து, வால்யூமெட்ரிக் ஃபிளாஸ்கில் காய்ச்சி வடித்த நீரால் 1 லிட்டராக்குங்கள். இது 19,992 மி.கி./லி. சிஓடி உள்ள அடர்கரைசல். பெறுபவர் இதில் 10 மி.லி. எடுத்து 500 மி.லி. ஆக்கினால் 399.8 மி.கி./லி. கிடைக்கும். இது 'அ' குப்பி. இதேபோல் 14.450 கிராம் நிறுத்து இன்னொரு கரைசல் செய்யுங்கள். அதே நீர்ப்புக்குப் பிறகு 339.9 மி.கி./லி. வரும், அது 'ஆ' குப்பி. ஏன் இரண்டு, அதுவும் ஏன் பக்கத்துப் பக்கத்து மதிப்புகள் என்பது பின்னால் விளங்கும்.

30 மி.லி. குப்பியில் 25 மி.லி. நிரப்பினால், பிப்பெட்டில் ஒருமுறை தவறினாலும் இரண்டாம் முறைக்கு மிச்சம் இருக்கும். 18 ஆய்வகங்கள், 5 உபரி, சரிபார்ப்புக்கு 3 என ஒவ்வொரு கரைசலிலும் 26 குப்பிகள். மொத்தம் 650 மி.லி. ஆகிறது, ஒரு லிட்டர் தாராளம்.

இங்கே அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சிஓடி மாதிரி என்றதும் கை தானாகக் கந்தக அமிலத்துக்குப் போகும். பிஹெச் 2-க்குக் கீழே இறக்குவது பழகிய வழக்கம். இந்த அடர்கரைசலில் அமிலம் விடவே கூடாது. விட்டால் தாலேட், தாலிக் அமிலமாக மாறும். அது தண்ணீரில் குறைவாகத்தான் கரையும். இந்த அடர்த்தியில், அதுவும் குளிர்பெட்டியில் வைத்தால், வெள்ளைப் படிகமாக அடியில் இறங்கிவிடும். மேலே உள்ள நீரைப் பிப்பெட்டில் எடுப்பவருக்குக் குறைந்த மதிப்புதான் வரும். அவர் பக்கம் எந்தத் தவறும் இருக்காது. அமிலத்துக்குப் பதிலாகக் கிருமி நீக்கிய குப்பிகள், குளிர்பதனம், தயாரித்த ஒரு வாரத்துக்குள் விநியோகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஎஸ்எஸ்ஸுக்கு நீர் அனுப்பாதீர்கள், தூளை அனுப்புங்கள். 20 மைக்ரான் அளவுள்ள நுண்படிக செல்லுலோஸ் பொருத்தமானது. கயோலின் களிமண் எளிதில் கிடைக்கும். ஆனால் அதன் நுண்துகள்களில் ஒரு பகுதி கண்ணாடி இழை ஃபில்டர் வழியே நழுவிவிடும் என்பதால் வேண்டாம். செல்லுலோஸை 103–105° செ. சூட்டில் உலர்த்தி, டெசிகேட்டரில் ஆறவைத்து, 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் ஒவ்வொரு குப்பியிலும் 95 முதல் 105 மி.கி. வரை நிறுத்துப் போடுங்கள். சரியாக 100 ஆக்க மெனக்கெட வேண்டாம். இந்தத் தூள் காற்றின் ஈரத்தை இழுக்கும். தராசில் வைத்துக்கொண்டு துளித்துளியாகச் சேர்க்கச் சேர்க்க எடை ஏறிக்கொண்டே போகும். வந்த எடையை உடனே எழுதி மூடியை இறுக்குங்கள். ஒவ்வொரு குப்பிக்கும் உண்மை மதிப்பு வேறாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு எழுத முடியாது. பெறுபவர் குப்பியைக் கழுவிக் கழுவி முழுவதையும் ஃபிளாஸ்கில் சேர்த்து 1 லிட்டராக்கி, வழக்கமான கழிவுநீரில் எடுப்பது போலவே அளவு எடுத்து வடிகட்ட வேண்டும்.

அனுப்பும் முன், சிஓடி குப்பிகளில் முதலில் நிரப்பியது, நடுவில் நிரப்பியது, கடைசியில் நிரப்பியது என மூன்றை எடுத்து இரட்டையாகச் சோதித்துவிடுங்கள். தயாரித்தவருக்கு உண்மை மதிப்பு தெரியும் என்பதால் அவருடைய ஆய்வகத்தின் முடிவைத் தொகுப்பில் சேர்க்கக்கூடாது.

குறிப்புத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "வழக்கமான மாதிரியைச் செய்பவரே, வழக்கமான முறையிலேயே செய்யட்டும். திருப்தியான எண் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்" என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சிஓடிக்குத் தயார்நிலைக் குப்பி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சேருங்கள்: 150 மி.கி./லி. வரையுள்ள குறைந்த வரம்புக் குப்பியில் இந்த மாதிரியை நேராக விட்டால் பச்சையாகிவிடும், வாசிப்பு செல்லாது.

முடிவுப் படிவத்தில் இறுதி எண்ணை மட்டும் கேட்காதீர்கள். டிஎஸ்எஸ்ஸில் வெற்று ஃபில்டரின் எடை, உலர்ந்த பின் எடை, வடிகட்டிய கன அளவு மூன்றையும் கேளுங்கள். சிஓடியில் பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெற்று நீர்) அளவு, மாதிரி அளவு, டைட்ரேஷனில் சொட்டும் கரைசலின் வலிமை, அதைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி ஆகியவை வேண்டும். ஒளிமானி பயன்படுத்துபவர்கள் அலைநீளத்தை எழுதட்டும். வேதியியலில் பிழை இல்லாமல், கூடுதலாக நீர்த்தவர் அந்த மடங்கால் பெருக்க மறந்ததாலும் மி.லி.யை லிட்டராக்கும்போது புள்ளி தவறியதாலும் வரும் பிழைகள் உங்களுக்கு ஆச்சரியம் தரும் அளவுக்கு இருக்கும். மூல எண்கள் கையில் இருந்தால் அவற்றை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

கெடு பத்து வேலை நாட்கள். ஐந்தாம் நாளும் எட்டாம் நாளும் குறியீட்டுப் பொறுப்பாளர் நினைவூட்டட்டும். பொதுக் குழுவில் செய்தி போடுவதைவிடத் தனித்தனியாகப் போன் செய்வதுதான் பலன் தரும்.

மதிப்பிடும் முறையை எண்கள் வருமுன் முடிவு செய்து, குழுக் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள். முடிவுகளைப் பார்த்த பிறகு வரம்பை வைத்தால், யாருக்காகவோ வளைத்ததாகப் பேச்சு வரும். நீங்கள் தயாரித்த மதிப்பே உண்மை மதிப்பு. சராசரியைத் தொடாதீர்கள். 17 பேர் 400 என்று சொல்லி ஒருவர் மட்டும் 40 என்று எழுதினால் சராசரி 380 ஆகிவிடும். இடைநிலை மதிப்பு, அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது, 400-லேயே நிற்கும். அந்த இடைநிலையை உங்கள் தயாரிப்பைச் சோதிக்கப் பயன்படுத்துங்கள். அது தயாரித்த மதிப்பிலிருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், மதிப்பெண் எதையும் வெளியிடாமல் முதலில் உங்கள் நிறுவையைச் சந்தேகியுங்கள்.

சிஓடிக்கு மதிப்பிடும் அலகாகக் கொள்ளும் விலகலை 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 'அ'வுக்கு 24, 'ஆ'வுக்கு 20.4 மி.கி./லி. ஆய்வகத்தின் எண்ணிலிருந்து உண்மை மதிப்பைக் கழித்து இதால் வகுத்தால் இசட் மதிப்பு கிடைக்கும். கூட்டல், கழித்தல் குறியை விட்டுப் பார்த்து அது 2-க்குள் இருந்தால் சரி, 2-க்கும் 3-க்கும் இடையில் எச்சரிக்கை, 3-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ திருத்த வேண்டியது.

ஆனால் மதிப்பெண்ணோடு நின்றுவிட்டால் சோதனையின் பெரும்பலனைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். ஓர் ஆய்வகம் 'அ'வுக்கு 436, 'ஆ'வுக்கு 372 என்று தருகிறது என்று வையுங்கள். இசட் இரண்டிலும் 1.5-ஐ ஒட்டி வருகிறது. தேர்ச்சிதான். ஆனால் இரண்டுமே மேல்பக்கம், இரண்டுமே சுமார் 9 சதவீதம் கூடுதல். தற்செயலான கைப்பிசகு என்றால் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. இப்படிச் சேர்ந்தே ஏறினால் முறையில் எங்கோ ஓர் இழுவை இருக்கிறது. டைட்ரேஷன் முறை என்றால், அதில் சொட்டும் கரைசலான ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைப் பாருங்கள். காற்றுப் பட்டு அதன் வலிமை நாளுக்கு நாள் குறையும். உண்மையில் 0.23 மோலாராக இறங்கிவிட்ட கரைசலை 0.25 என்றே கணக்கில் போட்டால், சிஓடி ஏறத்தாழ 8.7 சதவீதம் கூடிக் காட்டும். சரிபார்த்த தேதியைப் படிவத்தில் கேட்டது இதற்காகத்தான். அதைப் பயன்படுத்தும் அன்றன்று சரிபார்க்க வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து மதிப்பில் இரண்டு குப்பி அனுப்பியதன் பலன் இதுதான். எல்லா ஆய்வகங்களையும் ஒரு வரைபடத்தில், கிடை அச்சில் 'அ'வும் நெடு அச்சில் 'ஆ'வுமாகப் புள்ளி வையுங்கள். இதற்கு யூடன் வரைபடம் என்று பெயர். மூலைவிட்டக் கோட்டை ஒட்டி நீண்டு கிடக்கும் புள்ளிகள் முறைப் பிழையைக் காட்டும். கோட்டை விட்டு விலகிக் கிடப்பவை கைப்பிசகு.

டிஎஸ்எஸ்ஸில் குறைவாக வந்தால் பெரும்பாலும் செல்லுலோஸ் அடியில் தங்கியிருக்கும். கலக்கிக்கொண்டே, வாய் அகன்ற பிப்பெட்டால் எடுத்திருக்க மாட்டார்கள். குப்பியைச் சரியாகக் கழுவாததும், ஃபில்டரை முன்கூட்டியே கழுவி உலர்த்தாமல் இழை உதிர்ந்ததும் அடுத்த காரணங்கள். அதிகமாக வந்தால் உலர்த்தியது போதவில்லை என்று பொருள். எடை மாற்றம் 4 சதவீதம் அல்லது 0.5 மி.கி., இவற்றில் எது குறைவோ அதற்குள் அடங்கும்வரை உலர்த்தி ஆறவைத்து நிறுக்க வேண்டும். வடிகட்டிய அளவையும் பாருங்கள். 100 மி.லி. எடுத்தவருக்கு எச்சம் 10 மி.கி.தான், அதில் 1 மி.கி. பிசகினாலே 10 சதவீதம் போய்விட்டது.

ஏழு பேருக்கு வேலைப் பங்கீடு: நீங்கள் ஒருங்கிணைப்பு, ஒருவர் குறியீடு, இருவர் தயாரிப்பு, ஒருவர் பொதி கட்டி அனுப்புதல், ஒருவர் கணக்கு, ஒருவர் பின்தொடர் பயிற்சி. தயாரிப்பில் இருவர் கட்டாயம். ஒருவர் நிறுக்க, மற்றவர் எடையைப் பார்த்து எழுத வேண்டும். முதல் மூன்று வாரம் படிவமும் பதிவும், ஐந்தாம் வாரம் தயாரிப்பு, ஆறாம் வாரம் அனுப்புதல், எட்டாம் வாரக் கடைசியில் கெடு, பத்தாம் வாரம் அறிக்கை. கூட்டம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் போதும். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் எழுதாமல் எந்தக் கூட்டத்தையும் முடிக்காதீர்கள்.

பொது அறிக்கையில் குறியீட்டு எண்கள் மட்டும் இருக்கட்டும். இசட் 3-ஐத் தொட்டவர்களைக் குறியீட்டுப் பொறுப்பாளர் மட்டும் தனியாக அழைத்துப் பேசுவார். மூல எண்களை வைத்துக் காரணத்தை ஊகித்துச் சொல்லி, உபரிக் குப்பியில் ஒன்றைக் கொடுத்து மறுபடி செய்யச் சொல்வார். ஐந்து உபரி வைத்ததே இதற்காகத்தான். மாதம் ஒன்றைத் தாண்டிய சிஓடிக் குப்பியை யாருக்கும் கொடுக்காதீர்கள். அதிகம் பேர் எதில் சறுக்கினார்களோ அதையே அரைநாள் செய்முறைப் பயிற்சியாக வைத்துவிடுங்கள். தலைப்பு தேடி அலைய வேண்டாம்.

உங்கள் பொறுப்புக் காலம் முடியும்போது அடுத்தவர் கையில் ஒரு கோப்புறை போக வேண்டும். படிவங்கள், நிறுவைத் தாள்கள், கணக்குத் தாள், குப்பியும் செல்லுலோஸும் வாங்கிய விவரம், அடுத்த முறை மாற்ற வேண்டியவை பற்றி அரைப் பக்கம் ஆகியவை அதில் இருக்கட்டும். குறியீட்டுப் பட்டியலை அதில் வைக்காதீர்கள். பின்தொடர் வேலை முடிந்ததும் அதை வைத்திருந்தவரே அழித்துவிட வேண்டும். அழிப்பதாகப் பதிவுப் படிவத்திலேயே சொல்லியும் இருக்க வேண்டும்.